கறிவேப்பிலை வெடித்ததும் ஆயா பேசினார்

ஆயாவை முன்னறையில் உட்காரவைத்து, கைபேசியில் பதிவைப் போட்டுவிட்டுக் கேட்டேன்: "மெகசின் பேரக்ஸ்ல இருந்தப்போ மீன் குழம்பு எப்படி வைப்பீங்க ஆயா?"

"எல்லாரும் வைக்கிற மாதிரிதான்." ஒரு வருடமாக எப்போது கேட்டாலும் அதோடு முடிந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்த தமிழ், தெலுங்குக் குடும்பங்களின் குடியிருப்பு அது. 1960களில் அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த் என்ற புறநகருக்கு மாற்றினார்கள். அந்த வீடு இன்று ஆயாவின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

மறுநாள் ஷாட் மீன் வாங்கிவந்து இருவரும் அடுப்படியில் நின்றோம். காய்ந்த எண்ணெயில் கறிவேப்பிலை விழுந்து வெடித்ததும் அவராகவே ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு விறகடுப்பு, அங்கே கடன் வாங்கிய ஓர் உருண்டைப் புளி, அதைத் திருப்பிக் கொடுக்காமலே லாரி ஏறிய நாள்.

நடந்தது இதுதான். இலைக்குள் இருக்கும் நீர், கொதிக்கும் எண்ணெயில் நொடியில் ஆவியாகி இலையைப் பிளக்கிறது. படபடவென்ற சத்தம் அதனால்தான். ஆவியோடு கிளம்பும் வாசனைப் பொருள்கள் மூக்கின் மேற்கூரைக்குப் போகின்றன. அங்கே மணத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் சுமார் 400 வகை உள்ளன. அவற்றுக்கான மரபணுக்களை 1991இல் கண்டறிந்து சொன்ன லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு மணமும் இந்த 400இல் சிலவற்றை மட்டும் தூண்டும். புள்ளிகள் அதேதான், இழுக்கும் கோடு மாறினால் கோலம் மாறிவிடுகிறது அல்லவா, அப்படி.

கண்ணும் காதும் தரும் செய்தி தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றுதான் மூளையின் வெளியடுக்கான புறணிக்குப் போகும். மணத்துக்கு அந்த நிறுத்தம் கிடையாது. மூக்கின் செய்தியை முதலில் வாங்கும் நுகர்குமிழிலிருந்து, உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவுக்கு நேர்வழி உண்டு. நினைவுகளைக் கோக்கும் ஹிப்போகாம்பஸ் அதற்கு அடுத்த வீடு. சொல்லோ படமோ கிளறும் நினைவுகளில் பதின்வயதும் இருபதுகளும் மிகுதி; மணம் கிளறுபவையோ பெரும்பாலும் பத்து வயதுக்குள் பதிந்தவை. அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய கதை கேட்பவர்கள், தயவுசெய்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கேளுங்கள். நான் ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

நினைவு கூரும்போது மூளை அதைக் கொஞ்சம் திருத்தித் திரும்ப வைப்பதும் உண்டு. சின்ன ஆயா சொன்ன கதையில் கடன் வாங்கியது மிளகாய்த்தூள். இரண்டையும் எழுதிவைத்தேன்.

குழம்புக்கு அளவு எழுதுவதுதான் பெரும்பாடு. ஆயா கையில் எடுத்த புளியைத் தராசில் வைத்தேன்: 40 கிராம். அடுத்த வாரம் 45. அதற்கடுத்த வாரம் 30. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன்.

"இன்னைக்குத் தக்காளி புளிக்குது கண்ணு. நீ வாயில போட்டுப் பார்க்கலையா?"