ஊழியக்காரன் எண்டா ஆர்?

போன கிழமை கல்முனை ரோட்டால வரக்குள்ள ஒரு சபைப் போதகர்ட பேனர், "தேவனுடைய மகா ஊழியர்" எண்டு பெரிய எழுத்தில, அவர்ட படம் சிலுவைய விடப் பெருசு. பைக்ல பின்னால இருந்த மருமகன் கேக்கான், "மாமா, ஊழியர் எண்டா ஈபிஎஃப் காசு வெட்டுப்படுற ஆக்கள்தானே, அதுல என்ன மகா?"

பகிடிக்குத்தான் கேட்டான், ஆனா பொடியன் பிழையாக் கேக்கல்ல. ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி எண்டுறதுல ஊழியர் சம்பளத்துக்கு வேலை செய்றவர். ஒல்லாந்தர் காலத்தில அந்தச் சொல் இன்னும் கீழ கிடந்தது, சோனகர் (முஸ்லிம் ஆக்கள்) மேலயும் செட்டிமார் மேலயும் போட்ட கட்டாய வேலைக்குப் பேரே ஊழியம்தான், செய்ய ஏலாட்டி காசு கட்டோணும். அந்தச் சொல்லத்தான் இப்ப மாலை போட்டு மேடையில ஏத்தி வச்சிருக்கம்.

மறுகா பைபிளுக்கு வருவம். மாற்கு 10ல யாக்கோபும் யோவானும் இயேசுவிட்ட வந்து, உம்மட மகிமையில ஒராள் வலப்பக்கம் ஒராள் இடப்பக்கம் இருக்கோணும் எண்டு கேக்காங்க (நம்மட கலியாண வீட்டில முன் வரிசைக் கதிரைக்கு அடிபடுற மாதிரித்தான்), மத்தப் பத்துப் பேருக்கும் கோவம் வருது. அதுக்கு அவர் சொன்ன பதில்ல ரெண்டு கிரேக்கச் சொல் இருக்கு. பெரியவனா வர விரும்புறவன் "டியாக்கொனோஸ்" ஆகோணும், முதலாவதா வர விரும்புறவன் "டூலோஸ்" ஆகோணும். டூலோஸ் எண்டா அடிமை, வேற பூசி மெழுக ஒண்டுமில்ல. பழைய தமிழ் பைபிள்ல டியாக்கொனோஸுக்குப் பணிவிடைக்காரன் எண்டும் டூலோஸுக்கு ஊழியக்காரன் எண்டும் போட்டிருக்கு.

டியாக்கொனோஸ் எண்டா பந்தியில பரிமாறுறவன், சொன்ன வேலைக்கு ஓடித் திரியிறவன். இதுல ஒரு விசயம் கவனிச்சுப் பாருங்க, கானாவூர்க் கலியாணத்தில ஆறு கல்ஜாடியிலயும் தண்ணி ஊத்தி நிரப்பினாங்களே, அவங்களுக்கும் யோவான் எழுதினது இதே சொல்தான், தமிழ்ல "வேலைக்காரர்". ரோமர் நிருபத்தில பவுல் பெபேயாள் எண்ட சபைப் பெண்ணுக்குச் சொன்னதும் இதுதான், அங்க "ஊழியக்காரி". பிலிப்பியர் நிருபத்துத் தொடக்கத்தில "உதவிக்காரர்", கத்தோலிக்க ஆக்கள்ட வழக்கத்தில "திருத்தொண்டர்", இங்கிலீஷ் வழியா வந்தா "டீக்கன்". கிரேக்கத்தில ஒரே வாளியும் கரண்டியும் பிடிச்ச ஆள், தமிழுக்கு வரக்குள்ள இடத்துக்கு இடம் உடுப்பு மாத்துறார்.

மினிஸ்டரும் இதே கதைதான். லத்தீன்ல மினுஸ் எண்டா குறைஞ்சது, அதுல இருந்து மினிஸ்டர், அதாவது கீழ நிண்டு வேலை செய்றவன். மாகிஸ் எண்டா கூடினது, அதுல இருந்து மாகிஸ்டர், அதுதான் நம்மட கணக்கு மாஸ்டர் வரைக்கும் வந்திருக்கு. மினிஸ்டருக்கு எஸ்கோட் வாகனம் போறதையும் மாஸ்டர் சைக்கிள்ல போறதையும் பாத்தா எது கூடினது எது குறைஞ்சது எண்டு லத்தீன்காரனே குழம்பிருவான்.

அப்ப டியாக்கொனோஸுக்குச் சரியான தமிழ் எது? என்னக் கேட்டா பணிவிடைதான். பணி எண்டா வேலை, பணிதல் எண்டா குனியிறது, பணிவும் அதுல இருந்து வந்ததுதான், தாழ்மையையும் வேலையையும் ஒரே சொல்லுக்குள்ள தமிழ் முந்தியே வச்சிருக்கு, கிரேக்கத்தில அதுக்கு ரெண்டு சொல் வேணும். மத்தது, பாயில கிடக்கிற அம்மாவ குளிப்பாட்டி, கஞ்சி பருக்கி, சீலை மாத்துறதத்தான் பணிவிடை எண்டுறம், அதுக்கு இதுவரைக்கும் ஆரும் பேனர் அடிக்கல்ல. தொண்டும் நல்ல சொல்தான், ஆனா தொண்டர் எண்டா இப்ப கட்சி ஞாபகம் வருது.

தாழ்மையப் பத்தி ஒரு வரி. கத்தோலிக்க ஆக்கள் தாழ்ச்சி எண்டுவாங்க, மெதடிஸ்ட் ஆக்கள் தாழ்மை எண்டுவாங்க, ரெண்டும் ஒண்டுதான். தாழ்வு மனப்பான்மை வேற, அதோட போட்டுக் குழப்பாதீங்க.

யோவான் 13ல இயேசு சீலையொண்ட அரையில கட்டிக்கொண்டு சீடர்ட கால் கழுவினார். நம்மட பந்தியில பாருங்க, துவாய இடுப்பில கட்டிக்கொண்டு பருப்பு வாளியோட ஓடுற பெடியங்க, எல்லாரும் எழும்பின பிறகுதான் இருப்பாங்க, அந்நேரம் கோழி முடிஞ்சி குழம்பு மட்டும்தான் கிடக்கும். மருமகனுக்கு டியாக்கொனோஸ காட்டோணும் எண்டா அங்கதான் கூட்டிட்டுப் போகோணும்.