"ஏர் கிராக்" என்று ஒன்று கிடையாது

போன திங்கட்கிழமை காலையில் கிளினிக் திறந்ததும் நண்பன் தோளைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு ஒரு பையன் வந்தான். பதினேழு வயது. வியாசர்பாடியில் முதல் நாள் நடந்த ஃபுட்பால் மேட்சில் விங்கில் ஆடியிருக்கிறான்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணியும் இல்லக்கா. மூணு வாரம் முன்னாடி ஏர் கிராக்னு சொன்னாங்க. அதான் கொஞ்சம் வலிக்குது."

இந்த மாதத்தில் நான்காவது ஏர் கிராக். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அது ஏர் இல்லை, ஹேர். எலும்பில் மயிரிழை போல விழுந்த விரிசல். நம் வாயில் 'ஹ' தேய்ந்து ஏர் ஆனதில் எனக்குச் சண்டையில்லை. ஏர் என்றால் காற்று, காற்று என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமும் கூடவே தேய்ந்துவிட்டதே, அதுதான் வினை. அதைவிட எரிச்சல் இந்த வசனம்: "கிராக்தான்க்கா, ஃபிராக்சர் இல்ல." தம்பி, இரண்டும் ஒன்றுதான். எலும்பு இரண்டு துண்டாகப் போனாலும் ஃபிராக்சர், ஒரே ஒரு கோடு விழுந்தாலும் ஃபிராக்சர். கிராக் சின்னது, ஃபிராக்சர் பெரியது என்கிற கணக்கு மைதானத்து ஓரம் பிறந்தது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோடு விழுந்த எலும்பும் சேர ஆறு வாரம் போல ஆகும். மூன்றாம் வாரம் வலி குறைந்தால் வலி குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். எலும்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இவனுக்கு விரிசல் விழுந்தது சுண்டுவிரலுக்குப் போகும் பாத எலும்பில், அடிப்பகுதியை ஒட்டி. அங்கே ரத்த ஓட்டம் குறைவு. மெதுவாகத்தான் சேரும், சில பேருக்குச் சேராமலே போகும். பூட்ஸ் மாட்டி ஓடியதில் கோடு இப்போது இடைவெளியாகிவிட்டது. ஸ்க்ரூ போடலாமா என்று எலும்பு டாக்டர் யோசிக்கிறார். முதலில் எக்ஸ்ரே எடுத்த இடத்தில் "எலும்பு உடைஞ்சிருக்கு" என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபமும் எனக்கு இருக்கிறது.

அடுத்து ஜவ்வு. முட்டியில் எது போனாலும் ஜவ்வு. காதிலும் ஜவ்வு, மிட்டாயிலும் ஜவ்வு. எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டுகிற லிகமென்ட் வேறு, நடுவில் மெத்தை மாதிரி கிடக்கிற மெனிஸ்கஸ் வேறு. ஓடித் திரும்பும்போது உள்ளே 'பட்'டென்று சத்தம் கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்தாக வீங்கினால் என் சந்தேகம் முதலில் முட்டிக்குள்ளே குறுக்காக ஓடுகிற ஏ.சி.எல். லிகமென்ட் மேல். மடங்கின முட்டி அப்படியே பூட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டால் மெனிஸ்கஸ் மேல். இரண்டுமே சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே "எக்ஸ்ரே நார்மல், ஜவ்வுக்கு ஒண்ணும் ஆகல" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நரம்பு விஷயத்தில் நான் அவ்வளவு கறார் இல்லை. யாழில் கட்டிய தந்தியையே நரம்பு என்று சொன்ன மொழி நம்முடையது. குதிகாலுக்கு மேலே விறைத்து நிற்கும், தசையை எலும்போடு கட்டுகிற தசைநாணை நரம்பு என்றால் சரி, இருக்கட்டும். நிஜ நரம்பில் அடியா என்று பார்க்க, மரத்துப்போகிறதா, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா என்று நான் கேட்கும்போது மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள்.

அப்புறம் சுளுக்கு. கணுக்கால் மடங்கியதும் தைலத்தோடு நீவ ஓடுகிறோம். நீவுகிறவர்கள் மேல் எனக்குப் பகையில்லை, எங்கள் ஆயாவும் நீவுவார். ஆனால் கை வைப்பதற்கு முன்னால் பாருங்கள். நாலு எட்டு வைக்க முடியவில்லையா? கணுக்காலின் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளியோரம், நடுவில் புடைத்திருக்கும் எலும்பில்? ஒன்று ஆம் என்றாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் வகுத்து 1992-இல் வெளியிட்ட சோதனையிலிருந்து சொல்கிறேன். இதையே திருப்பிப் போட்டு "நடந்துட்டான், அப்ப உடையல" என்று முடிவு கட்டாதீர்கள். வளர்கிற பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்கு லிகமென்டை விட எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு பலவீனமானது. பெரியவருக்குச் சுளுக்காகிற அடி பிள்ளைக்கு உடைப்பாகலாம்.

என்னிடம் வந்தால் அடிக்குப் பெயர் வைக்காதீர்கள், அது என் வேலை. எப்படி விழுந்தாய், சத்தம் கேட்டதா, எப்போது வீங்கியது, அதைச் சொல். பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சுருட்டிப் பைக்கில் செருகாமல் கொண்டு வா.

கோச் அண்ணன்களே, உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். நொண்டுகிற பையனுக்கு ஸ்ப்ரே அடித்துத் திரும்ப இறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இவனுக்கு இரண்டு தடவை அடித்திருக்கிறார்கள். இடைவேளையில் ஒன்று, ஆட்டம் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது ஒன்று.