மலையேற்றக் காலணி: ஒரு சைஸ் கூட்டினால் நகம் தப்பாது

மலையேறிவிட்டு வருபவர்களின் கறுத்த பெருவிரல் நகங்களுக்குச் சிகிச்சை அளிக்கும்போதெல்லாம் நான் தவறாமல் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “அடுத்த முறை ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடுகிறேன், டாக்டர்.” வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்கிறேன். அண்மையில் வந்தவரோ, முன்பு நகம் போனதால் ஒரு சைஸ் கூட்டி வாங்கிய புதிய காலணியில் நடந்து, இம்முறை இரண்டு பெருவிரல்களிலும் நகத்தடியில் இரத்தம் கட்டி, குதிகால்களில் கொப்புளம் உடைந்து வந்திருந்தார். சிகிச்சையறைக்குள் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது போதாது என்பதால் இதை எழுதுகிறேன்.

இறக்கத்தில் நகம் அடிபடுவதற்குக் காலணியின் நீளம் போதாமை ஒரு காரணம்தான். என்னிடம் வருபவர்களில் பலருக்கு அது காரணமே அன்று. அவர்களுடைய காலணியில் விரல்களுக்கு முன்னே இடம் இருக்கிறது. குதிகாலையும் மேற்பாதத்தையும் பிடித்து நிறுத்தத்தான் எதுவும் இல்லை. சரிவில் இறங்கும்போது உடலின் எடை பாதத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. வண்டி சட்டென்று நிற்கும்போது கட்டிவைக்காத சுமை முன்பக்கம் போய் மோதுவதைப்போல, பிடிமானமற்ற பாதம் ஒவ்வோர் அடியிலும் சறுக்கிக் காலணியின் முனையில் இடிக்கிறது. நீளத்தைக் கூட்டினால் இந்தச் சறுக்கல் குறையாது, கூடும். ஏனெனில் பெரிய சைஸில் முன்பகுதி மட்டும் நீள்வதில்லை; குதிகால் அமரும் இடமும் மேற்பாதத்தின் சுற்றளவும் சேர்ந்தே தளர்கின்றன. அத்துடன், காலணி வளையும் இடம் பாதம் வளையும் விரல்மூட்டுகளுக்கு நேராக அமைய வேண்டும். அளவு கூடிய காலணியில் அது முன்னே தள்ளிப்போய்விடுவதால், ஏற்றத்தில் குதிகால் அடிக்கு அடி மேலெழும்பி உராய்கிறது. கொப்புளம் பிறப்பது அங்கேதான்.

“என் பாதம் அகலம், அதனால்தான் பெரிதாக வாங்குகிறேன்” என்பவர்களும் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள். ஆங்கில அளவுமுறையில் ஒரு முழு சைஸ் என்பது நீளத்தில் சுமார் 8.5 மில்லிமீட்டர், ஐரோப்பிய முறையில் சுமார் 6.7 மில்லிமீட்டர், அகலத்தில் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு. அகலமான பாதத்துக்கு வேண்டியது அகலமான அச்சில், அதாவது காலணிக்கு வடிவம் கொடுக்கும் பாத வடிவக் கட்டையில், செய்த காலணி. அதே நீளத்தில் அகலம் கூடிய வகையையும் பல நிறுவனங்கள் செய்கின்றன, கேட்டு வாங்குங்கள். தோல் காலணி நாளடைவில் இளகி அகலத்தில் சற்று இடம் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. நிறுவனத்துக்கு நிறுவனம் அச்சு மாறுவதால், பெட்டியில் உள்ள எண்ணைத் தொடக்கமாக மட்டுமே கொள்ள வேண்டும்.

பாதத்தை நின்றபடி, எடையை முழுவதும் ஊன்றி அளக்க வேண்டும்; உட்கார்ந்து அளந்தால் அளவு குறைந்தே காட்டும். இரண்டு பாதங்களும் சமமாக இருப்பது அரிது என்பதால் பெரிய பாதத்துக்கே வாங்குங்கள். இரண்டாம் விரல் நீண்டவர்கள் முனையிலுள்ள இடைவெளியை அந்த விரலிலிருந்து கணக்கிட வேண்டும். பெருவிரலின் அடிமூட்டு புடைத்தவர்கள் அந்த இடத்தில் தையல் ஓடாத, முன்பகுதி அகன்ற காலணியைத் தேட வேண்டும். மேற்பாதம் உயர்ந்தவர்களுக்கு லேஸின் அழுத்தத்தால் பாதம் மரத்துப்போகலாம். அழுத்தும் இடத்திலுள்ள துளையை மட்டும் விட்டுவிட்டுக் கட்டினால் பெரும்பாலும் சரியாகும். பாதம் தட்டையாக இருந்தும் வலியே இல்லாதவர்கள் எவரோ பயமுறுத்தினார் என்பதற்காகத் தனி இன்சோல் வாங்க வேண்டியதில்லை.

எங்கே நடக்கப் போகிறீர்கள் என்பதும் பாதத்தின் வடிவத்தைப் போலவே முக்கியம். சீரான பாதையில் சிறு பையுடன் ஒரு பகல் நடப்பவருக்கு இலகுவான, வளையும் சோல் கொண்ட தாழ்ந்த காலணி போதும். கனமான சுமையுடன் பாறைகளில் பல நாள் நடப்பவருக்கே கெட்டியான சோல் தேவை. காலில் கூடும் எடை, முதுகில் கூடும் அதே எடையைவிட அதிகமாகக் களைப்பூட்டும். கணுக்காலை மூடும் உயரமான பூட்ஸ் சுளுக்கைத் தடுத்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கெண்டைக்கால் தசைகளின் வலுவும் ஒற்றைக் காலில் நின்று பழகிய சமநிலையும் செய்ய வேண்டிய வேலையை அது முழுவதுமாக ஏற்றுக்கொள்ளாது. நீர்புகாச் சவ்வு உள்ள காலணி ஈரத்தில் உதவும். வெப்பத்தில் வியர்வையைத் தேக்கும், உள்ளே தண்ணீர் புகுந்தால் எளிதில் காயாது.

பாதம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், மலையேறும்போது அணியும் அதே சாக்ஸுடன் கடைக்குச் செல்லுங்கள். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் நனைந்தபடியே இருந்து தோலை ஊறவைக்கும். லேஸ் கட்டாமல் விரல்களை முனைவரை நகர்த்தி நின்றால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸை இறுக்கிச் சரிவுப் பலகையிலோ படிக்கட்டிலோ இறங்கிப் பாருங்கள். விரல் முனையில் முட்டினாலோ குதிகால் தூக்கினாலோ கட்டும் முறையை மாற்றிப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லையென்றால் அந்தக் காலணியை விட்டுவிடுங்கள். நடந்தால் பழகிவிடும் என்று சொல்பவர்களின் கால் வேறு, உங்கள் கால் வேறு. வாங்கியபின் பல நாள் வீட்டிலும் தெருவிலும் நடந்து பழகாமல் மலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்; கிளம்புமுன் நகங்களை வெட்டுங்கள். பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த பாலியூரித்தேன் சோல், அணியாமலேயே காற்றின் ஈரத்தால் சிதைந்து, நடுவழியில் உதிர்ந்துவிடக்கூடும். கட்டைவிரலால் அழுத்தி, வளைத்துப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

நீரிழிவு உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாத நரம்புகள் உணர்வு குன்றியிருந்தால், இறுக்கமான காலணிகூட இதமாகவே தோன்றும். கொப்புளம் புண்ணாகும்வரை தெரியாது. காலணி வாங்குமுன் பாதத்தின் உணர்வை மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அணியுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஓய்வெடுக்கும் இடத்திலெல்லாம் சாக்ஸைக் கழற்றி, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் உங்களுடன் வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்புத் தெரிந்தால் அன்றைய நடையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்; தோல் கிழிந்திருந்தால் தாமதிக்காமல் வந்து காட்டுங்கள்.