ஆன்டிவைரஸ் பிடித்த கோப்பை உடனே அழிக்காதீர்கள்

2010 ஏப்ரல் 21 அன்று ஆன்டிவைரஸ் நிறுவனமான மெக்காஃபி வெளியிட்ட 5958 என்ற அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 கணினிகளில் இருந்த எஸ்விசிஹோஸ்ட் கோப்பை வைரஸ் என்று குறித்தது. விண்டோஸின் பல சேவைகள் இந்தக் கோப்பின் வழியாகத்தான் ஓடுகின்றன. அது பறிபோனதும் நெட்வொர்க் அறுந்தது, கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. நெட்வொர்க் இல்லாததால் சரியான அப்டேட்டை அனுப்பவும் வழியில்லை. பல அலுவலகங்களில் ஒவ்வொரு கணினியாக ஆள் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? தெரிந்த வைரஸின் பைட் வரிசையை ஒப்பிட்டுப் பிடிப்பது ஒரு முறை. புதிதாக வரும் தீநிரல்களை அது பிடிக்காது என்பதால், கோப்பின் அமைப்பையும் நடத்தையையும் வைத்து ஊகிக்கும் முறைகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஊகம் தவறலாம். விண்டோஸுடனே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் சொல்லும் வைரஸ் பெயரின் கடைசியில் '!எம்எல்' என்று இருந்தால், மெஷின் லேர்னிங் மாடல் அப்படிக் கணித்தது என்று பொருள். யூபிஎக்ஸ் என்ற கருவியால் அளவைச் சுருக்கிய நிரல்கள், பைத்தான் நிரலை இஎக்ஸ்இ ஆக்கும் பைஇன்ஸ்டாலரில் கட்டிய சிறு கருவிகள் இதில் அடிக்கடி மாட்டும். தீநிரல் எழுதுவோரும் அதே கருவிகளைப் பயன்படுத்துவதுதான் காரணம்.

ஆன்டிவைரஸ் தரும் 'சுத்தம் செய்' என்ற வழி எல்லாக் கோப்புக்கும் பொருந்தாது. நல்ல நிரலில் ஒட்டிக்கொள்ளும் வைரஸ், தன் குறியீட்டைப் பெரும்பாலும் கோப்பின் வாலில் சேர்த்து, நிரல் தொடங்கும் முகவரியைத் தன் பக்கம் திருப்பிவிடும். பழைய முகவரியை மீட்டு, வாலை வெட்டினால் கோப்பு தேறும். நல்ல நிரல்போல வேடமிடும் ட்ரோஜன் அப்படியல்ல, முழுக் கோப்பும் தீநிரலே, மீட்க எதுவும் இல்லை.

ஆகவே முதலில் குவாரண்டைன். ஆன்டிவைரஸ் கோப்பை ஓட முடியாதபடி குறியாக்கி, தனி இடத்தில் வைத்து, எங்கிருந்து எடுத்தது என்பதையும் குறித்துக்கொள்ளும். டிஃபெண்டரில் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி' பகுதியில் 'ரீஸ்டோர்' கொடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பும். அழித்துவிட்டால் இந்த வசதி இல்லை.

பிறகு விசாரணை. கோப்பு எங்கிருந்து வந்தது, யார் வெளியிட்டது என்பதைக் காட்டும் டிஜிட்டல் கையொப்பம் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். கையொப்பம் மட்டும் போதாது: 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், சிப் நிறுவனமான ரியல்டெக்கிடமிருந்து திருடிய சான்றிதழோடு வந்தது. மூலத் தளத்தில் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு) தரப்பட்டிருந்தால், 64 எழுத்துகளும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். ஒரே கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களிடம் சோதித்துக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் அதே ஹேஷைத் தேடலாம். அங்கே அலுவலக ஆவணங்களைப் பதிவேற்றாதீர்கள். பதிவேற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் போகும். ஹேஷைத் தேடினால் கோப்பு உங்களைவிட்டு வெளியேறாது.

அங்கே எத்தனை ஆன்டிவைரஸ்கள் எச்சரிக்கின்றன என்ற எண்ணிக்கையை மட்டும் நம்பவும் கூடாது. எம்சிசாஃப்ட், இஸ்கேன் போன்ற ஆன்டிவைரஸ்கள் பிட்டிஃபெண்டர் என்ற இன்னொரு ஆன்டிவைரஸின் எஞ்சினையும் பயன்படுத்துவதால், ஒரே பெயரில் நான்கைந்து எச்சரிக்கைகள் வந்தாலும் அவை ஒரே கருத்தாக இருக்கலாம். மறுபுறம், இன்று பிறந்த தீநிரலை யாருமே பிடிக்காமல் போகலாம். அவசரமில்லையென்றால் கோப்பைக் குவாரண்டைனிலேயே விட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து அதே ஹேஷை மறுபடி தேடுங்கள்.

தவறான எச்சரிக்கை என்று உறுதியானால், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் சோதனையிலிருந்து விலக்கு கொடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் விலக்கினால் நாளை வரும் உண்மையான தீநிரலுக்கும் கதவு திறந்துவிடும். கோப்பை ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் தளத்தில், மாதிரிக் கோப்புகளை அனுப்பும் பக்கத்தில் அனுப்புங்கள். அவர்கள் திருத்திய பின் விலக்கை நீக்கிவிடலாம்.

வைரஸ் உண்மையானது, அதுவும் சாலிட்டி, விரூட் போல நிரல்களில் ஒட்டும் வகை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் சுத்தம் செய்வது வீண். நினைவகத்தில் இருக்கும் வைரஸ் சுத்தமான கோப்பை மறுபடி தொற்றும். விண்டோஸுக்கு வெளியே ஓடும் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் அல்லது யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகும் மீட்பு வட்டு வேண்டும். விரூட் சில கோப்புகளைப் பிழையாகத் தொற்றி மீட்க முடியாதபடி கெடுத்துவிடும். அப்போது விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே வழி. படங்கள், ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இஎக்ஸ்இ கோப்புகள் வேண்டாம். விரூட் ஹெச்டிஎம்எல் பக்கங்களிலும் தன் இணைப்பைச் செருகும் என்பதால் அவையும் வேண்டாம்.