பீப்பாயில் நொதித்த வெள்ளை ஒயினைப் பனிக்கட்டியில் அமிழ்த்த வேண்டாம்

வடக்கு ஸ்பெயினில் ஒயின் பரிமாறும் பணியில் சேர்ந்த புதிதில், நான் ஊற்றிய, ரியோஹா வட்டாரத்தில் பீப்பாயில் நொதித்த வெள்ளை ஒயின் ஒன்றை விருந்தினர் ஒருவர் திருப்பி அனுப்பினார். நிறம் பொன்னாக இருக்கிறது, மணமே இல்லை, ஒயின் கெட்டுவிட்டது என்றார். உண்மையில் தவறு என்னுடையது: சாதாரண இளம் வெள்ளை ஒயினைப் போல அதையும் அரை மணி நேரம் பனிக்கட்டி வாளியில் அமிழ்த்தியிருந்தேன். வாளிக்கு வெளியே கால் மணி நேரம் நின்ற பிறகு அதே கோப்பையிலிருந்து வறுத்த பாதாமும் சுட்ட ஆப்பிளும் மணந்தன. இத்தகைய ஒயினை 10 முதல் 12 டிகிரி செல்சியஸில் பரிமாற வேண்டும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் குளிர் அதற்கு மிக அதிகம்.

வியூரா என்பது ரியோஹாவின் முதன்மையான வெள்ளைத் திராட்சை. மணம் அடக்கமானது, புளிப்பு நன்றாக உண்டு. அதன் சாற்றை எஃகுத் தொட்டிக்குப் பதிலாக 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஊற்றி அங்கேயே நொதிக்க விடுகிறார்கள். பிறகு அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியை அவ்வப்போது கோலால் கிளறி விடுவதால் ஒயினுக்கு ஒரு வழுவழுப்பும் கனமும் கூடுகின்றன. பீப்பாயில் நொதித்தது என்றால் மரவாடை தூக்கலாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. ஓக்கிலிருந்து இறங்கும் வெனிலா மணப்பொருளில் ஒரு பகுதியை உயிருள்ள ஈஸ்ட் மணம் குறைந்த வேறொன்றாக மாற்றிவிடுகிறது, நிறமும் துவர்ப்பும் ஓரளவு மண்டியோடு ஒட்டி அடியில் தங்கிவிடுகின்றன. எஃகுத் தொட்டியில் நொதித்த பிறகு பீப்பாய்க்கு மாற்றிய ஒயினில்தான் மரம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆகவே புட்டியில் ஒட்டிய சீட்டில் 'ஃபெர்மென்தாதோ என் பாரிக்கா' (பீப்பாயில் நொதித்தது) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'ரெசெர்வா' என்ற சொல் அதற்கு ஈடாகாது. வெள்ளை ரியோஹாவில் அது மொத்தம் 2 ஆண்டு முதிர்ச்சியையும் அதில் குறைந்தது 6 மாதம் பீப்பாயில் இருந்ததையும் மட்டுமே உறுதி செய்கிறது. ஒயின் கெடாமல் காக்கும் சல்ஃபைட்டு ஒவ்வாதவர்கள் அதே சீட்டில் அந்த எச்சரிக்கையையும் படிக்க வேண்டும். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பாவில் அதைக் குறிப்பிடுவது கட்டாயம்.

பொன்னிறம் குறையன்று. நிறம் பழுப்பேறி, வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிளின் வாடை வீசி, பழச்சுவை முற்றிலும் மங்கியிருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

உணவென்றால் என் முதல் தேர்வு பாஸ்க் நாட்டுப் பில்-பில். உப்பு நீக்கிய காட் மீனைப் பூண்டு மணக்கும் ஆலிவ் எண்ணெயில் மெல்லிய சூட்டில் வைத்துச் சட்டியை விடாமல் சுழற்றினால், தோலிலிருந்து கசியும் கூழ்ப்பொருள் எண்ணெயோடு கலந்து, பாலாடை ஒரு துளியும் சேராமலேயே வெண்மையான குழம்பாகத் திரளும். மெலிந்த ஒயின் இந்த எண்ணெய்ப்பசைக்கு முன் தண்ணீராகிவிடும். பீப்பாய் வியூராவின் கனம் ஈடுகொடுக்கிறது, புளிப்பு ஒவ்வொரு கவளத்துக்குப் பிறகும் நாவைத் துடைத்துவிடுகிறது. புகையூட்டிய இதியாசாபல் என்ற செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வதக்கிய காளானும் நன்றாகவே பொருந்தும். வினிகரில் ஊறிய நெத்திலிக்கு மட்டும் இதைத் திறக்காதீர்கள். அந்தக் காடிப் புளிப்பில் மரத்தின் கசப்பொன்றே மிஞ்சும், அங்கே விலை குறைந்த இளம் ஒயினே மேல்.