மூளைக்காய்ச்சல் ஊசி: எது இலவசம், எது நம்ம கைக்காசு?

"பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் ஊசி போட்டாச்சா?" என்று நம்ம நெல்லைப் பக்கம் மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ கேட்டுப் பாருங்கள். "போட்டாச்சே" என்று உடனே பதில் வரும். எந்த ஊசி என்றால்தான் முழிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் அதே பெயர், பாக்டீரியாவால் மூளையின் உறை வீங்கும் நோய்க்கும் அதே பெயர். முன்னது வைரஸ், அதற்கான ஊசி பின்னதைத் தடுக்காது. இங்கே சொல்லப்போவது பின்னதைப் பற்றி.

இந்த நோயைக் கொண்டுவரும் முக்கியக் கிருமிகள் மூன்று: ஹிப், நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ். முதல் இரண்டுக்கும் அரசு இலவசமாக ஊசி போடுகிறது. பிறந்ததும் போடும் பி.சி.ஜி., காசநோய்க் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலைத் தடுக்கும். அது தனிக் கணக்கு.

ஹிப்புக்கான மருந்து பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள்ளேயே இருக்கிறது. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் இது வந்தது. 6, 10, 14 வாரங்களில் இடது தொடையில் போடுவார்கள். நியூமோகாக்கஸுக்கான பி.சி.வி. ஊசி 2021 ஜூலையில்தான் நம் மாநிலத்தில் இலவசமாகத் தொடங்கியது. அதற்கு முன் தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட வேண்டியிருந்தது. வீட்டில் மூத்த பிள்ளைக்குப் போடாத ஊசியை இளையதுக்கு ஏன் போடுகிறார்கள் என்று ஆச்சிமார் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பி.சி.வி. 6 வாரத்தில் ஒன்று, 14 வாரத்தில் ஒன்று, பிறகு 9 மாதம் முடிந்ததும் பூஸ்டர். வலது தொடையில் போடுவது. கோட்டை விடுவது இந்தக் கடைசி ஊசியைத்தான். மூன்றரை மாதத்தோடு 'எல்லாம் முடிஞ்சிட்டு' என்ற நினைப்பு வந்துவிடுகிறது. 9 மாதத்தில் தட்டம்மை ஊசிக்குப் போகும்போதே இதையும் கேட்டு வாங்கிப் போட்டு, தடுப்பூசி அட்டையில் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி நாள். பீடி சுற்றும் பெண்களுக்கு ஒரு காலைப்பொழுது போனால் சில நூறு பீடி குறையும், தெரியும். ஊருக்கு வரும் செவிலியரிடம் முகாம் எப்போது, எங்கே என்று கேட்டு வைத்தால் அலைச்சல் மிச்சம். தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். ஆனால் பென்டாவேலன்ட், பி.சி.வி. இரண்டிலுமே முதல் ஊசி ஒரு வயதுக்குள் விழுந்திருக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி லேசாகக் காய்ச்சல் அடித்தால் பயப்பட ஒன்றுமில்லை. அதற்கான மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று செவிலியரே சொல்வார்.

ஊசி போட்டிருந்தாலும், காய்ச்சலோடு பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், விடாமல் வீறிட்டால், உச்சிக்குழி புடைத்தால், வலிப்பு வந்தால் மந்திரிக்கக் கொண்டுபோய் நேரத்தைக் கடத்தாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மூன்றாவது கிருமியான மெனிங்கோகாக்கஸுக்குரிய ஊசி குழந்தைகள் அட்டவணையில் இல்லை. ஆனால் ஹஜ், உம்ரா போகிறவர்கள் அது இல்லாமல் போக முடியாது. ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைக்கும் சேர்ந்த ஊசியைச் சவூதி அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே போய் இறங்குவதற்கு 10 நாளாவது முன்பு போட்டிருக்க வேண்டும். ஹஜ் கமிட்டி வழியாகப் போவோருக்கு அரசு முகாமிலேயே போட்டுவிடுவார்கள். உம்ராவுக்கு டிராவல்ஸ் மூலம் போவோர் பெரும்பாலும் கைக்காசில்தான் போட வேண்டும். பயணச் செலவோடு முன்கூட்டியே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊசியில் இரண்டு வகை உண்டு. கான்ஜுகேட் என்ற புதிய வகை என்றால் சான்றிதழ் 5 வருடம் செல்லும், பழைய வகை என்றால் 3 வருடம். வகையைக் குறிப்பிடாமல் விட்டால் 3 வருடமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே சான்றிதழைக் கையில் வாங்கும்போதே எந்த வகை என்ற அந்த ஒரு சொல் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.