லிமிட்டிங் ரீஏஜென்ட்: வரம்பிடும் வினைபடுபொருள்

ஒரு வேதிவினையில் முதலில் தீர்ந்துபோகும் பொருளை லிமிட்டிங் ரீஏஜென்ட் என்பார்கள். அது தீர்ந்ததும் வினை மேற்கொண்டு நடக்காது. விளைபொருள் அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்பதும் அதன் அளவைப் பொறுத்ததே. தேவைக்கு மேல் இருந்து மீந்துபோவது எக்ஸெஸ் ரீஏஜென்ட்.

லிமிட் என்ற சொல்லின் வேர் லத்தீனின் 'லிமெஸ்'. நிலங்களுக்கு இடையே எல்லையாகக் கிடக்கும் பாதையை அது குறித்தது. நம் 'வரம்பு' அதற்கு நேர். வயல் வரப்பும் வரம்புதான், தாண்டக்கூடாத அளவும் வரம்புதான். இவ்வளவு பொருத்தம் கலைச்சொல்லாக்கத்தில் அபூர்வமாகத்தான் வாய்க்கும். ரீஏஜென்ட் என்பதற்குள் இருக்கும் 'அகெரே' செய்தலைக் குறிக்கும்; தமிழில் வினை என்றாலும் செயலே. ஆகவே 'வரம்பிடும் வினைபடுபொருள்' என்பது என் தேர்வு.

பாடநூலில் 'வினைக்கட்டுப்பாட்டுக் காரணி' என்றும் வரும். எனக்கு அதில் நிறைவில்லை. கட்டுப்பாடு என்றதும் வினையின் வேகத்தைக் கூட்டும் வினையூக்கியும் குறைக்கும் தடுப்பானும்தான் மனதில் வருகின்றன. இங்கே கேள்வி வேகத்தைப் பற்றியதே அல்ல, அளவைப் பற்றியது. இலங்கைத் தமிழில் வினை 'தாக்கம்', வினைபடுபொருள் 'தாக்கி'. அந்த வழக்கில் 'எல்லைப்படுத்தும் தாக்கி' என்றால் உடனே விளங்கும்.

எக்ஸெஸுக்கு 'மிகை' போதும்: மிகை வினைபடுபொருள். மிகை வேறு, மீதி வேறு என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மிகையான பொருளிலும் பெரும்பகுதி வினையில் செலவாகலாம்; கடைசியில் எஞ்சுவது மட்டுமே மீதி.

எது வரம்பிடுகிறது என்பதைக் கிராம் கணக்கை வைத்துச் சொல்லிவிட முடியாது. 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் ஆக்ஸிஜனும் சேர்ந்து நீராகின்றன என்று கொள்வோம். குறைவாக இருப்பது ஹைட்ரஜன், அதுதான் முதலில் தீரும் என்று தோன்றும். துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகான மோலுக்கு மாற்றிப் பாருங்கள் (ஒரு மோல் ஹைட்ரஜன் 2 கிராம், ஒரு மோல் ஆக்ஸிஜன் 32 கிராம்): ஹைட்ரஜன் 5 மோல், ஆக்ஸிஜன் 2 மோல். ஒரு மோல் ஆக்ஸிஜனுக்கு இரண்டு மோல் ஹைட்ரஜன் வேண்டும். இருக்கும் ஆக்ஸிஜனுக்கு 4 மோல் ஹைட்ரஜனே போதும். ஆக, வரம்பிடுவது 64 கிராம் ஆக்ஸிஜன்தான்! நீர் 4 மோல், அதாவது 72 கிராம் கிடைக்கும். ஹைட்ரஜனில் 2 கிராம் மீதி. முதலில் இருந்த 74 கிராமும் கணக்கில் வந்துவிட்டது.

மோல் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டாலும் தவறும். அம்மோனியா தயாரிப்பில் ஒரு மோல் நைட்ரஜனுக்கு மூன்று மோல் ஹைட்ரஜன் தேவை. 2 மோல் நைட்ரஜனும் 5 மோல் ஹைட்ரஜனும் இருந்தால், எண்ணிக்கையில் கூடுதலான ஹைட்ரஜனே முதலில் தீரும், ஏனெனில் தேவை 6 மோல். குறுக்குவழி ஒன்று உண்டு: ஒவ்வொன்றின் மோல் அளவையும் சமன்செய்த சமன்பாட்டில் அதற்கு முன்னால் உள்ள எண்ணால் வகுங்கள். நைட்ரஜனுக்கு 2, ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 1.67. சிறிய விடை வருவதுதான் வரம்பிடுவது. சமன்பாட்டைச் சமன்செய்யாமல் இதில் இறங்கினால் எல்லாமே பிசகும்.

இந்தக் கணக்கெல்லாம் அடங்கும் துறை ஸ்டாய்கியோமெட்ரி. 1792இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஜெரமியாஸ் பெஞ்சமின் ரிக்டர், 'தனிமம்', 'அளவு' என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அந்தப் பெயரை உருவாக்கினார்.

மிகை தற்செயலாக மட்டும் அமைவதில்லை. கரைசலில் உள்ள சல்ஃபேட்டின் அளவை அறிய பேரியம் குளோரைடை வேண்டுமென்றே மிகையாகச் சேர்ப்பார்கள். சல்ஃபேட் அனேகமாக முழுவதும் வீழ்படிவாகிவிட வேண்டும், அதாவது கரையாத திண்மமாகப் பிரிந்துவிட வேண்டும் என்பதற்காக. எரிபொருளை எரிக்கும்போது காற்று மிகையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் இதே கணக்குத்தான்: ஆக்ஸிஜன் வரம்பிட்டால் கார்பன் மோனாக்ஸைடும் கரியும் உண்டாகும். இரண்டு பொருள்களும் சமன்பாடு கேட்கும் அதே விகிதத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றாகத் தீரும். அப்போது வரம்பிடுவது, மிகை என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை.